எந்த மொழியும் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி

சென்ற ஆண்டு கள ஆய்வுக்காகச் செகந்திராபாத்தின் காய்கறிச் சந்தை ஒன்றில் சில வாரங்கள் அலைந்துகொண்டிருந்தேன். ஒரே சந்தைக்குள் எந்தெந்த மொழிகள் எப்படிக் கலந்து புழங்குகின்றன என்பதைப் பதிவு செய்வதே நோக்கம். வெங்காயம் விற்கும் ஓர் அக்காவின் கடையோரம் அரை மணி நேரம் நின்று குறிப்பெடுத்தேன். வாடிக்கையாளர்கள் பலரிடம் தெலுங்கில் பேசினார். பழைய நகரத்திலிருந்து வந்தவர்களிடம் தக்கினியில் விலை சொன்னார். மூட்டை இறக்கியவரிடம் மராத்தியில் சண்டையிட்டார். இடையில் பீதரிலிருந்து தொலைபேசியில் அழைத்த உறவினரிடம் கன்னடத்தில் நலம் விசாரித்தார். பிறகு என் படிவத்தை எடுத்து, "உங்களுக்கு எந்தெந்த மொழிகள் தெரியும்?" என்று கேட்டேன். அவர் கூச்சத்துடன் சிரித்தார். "நான் படிக்கவில்லை, தம்பி. எனக்கு மொழி எதுவும் தெரியாது" என்றார். பிறகு, கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைச் சுட்டிக்காட்டி, "அவளுக்குத் தெரியும். இங்கிலீஷ் மீடியம்" என்றார்.

நான்கு மொழிகளில் வணிகம் நடத்தும் ஒருவர், தமக்கு மொழியே தெரியாது என்கிறார். மொழியியல் முதுகலை வகுப்பில் எங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தந்த பாடம், இலக்கணக் கட்டமைப்பைப் பொறுத்தவரை மொழிகளுக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்பது. அந்தப் பாடம் உண்மை. ஆனால் அந்த அக்கா சொன்னதும் பொய்யன்று. பள்ளி, அலுவலகம், நீதிமன்றம், வங்கி ஆகியவற்றின் வாசலில் நிற்கும்போது தம் நான்கு மொழிகளும் கணக்கில் வராது என்பதை அவர் வாழ்ந்து அறிந்திருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறித்த இந்தியர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். இரண்டாம், மூன்றாம் மொழியாக அறிந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 12.9 கோடி. அதாவது பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம். எஞ்சிய ஒன்பது பேரும் ஏதோ ஒரு வகையில் "மொழி தெரியாதவர்கள்" என்று எண்ணும்படி இந்த நாட்டை நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது சந்தை மட்டுமன்று. நான் பயிலும் பல்கலைக்கழகத்தின் கருத்தரங்க அறையில் நடந்த ஒரு நிகழ்வும்தான். அதில் என் பங்கும் இருப்பதால் இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

ஆதிலாபாத் மாவட்டத்திலிருந்து வந்த முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர், தம் பகுதிப் பருத்தி உழவர்களின் கடன் சுமை பற்றிக் கட்டுரை வாசித்தார். கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி, 'டெப்ட்' என்று உச்சரித்தார். அறையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. மூன்றாவது முறை அச்சொல் வந்தபோது சிரிப்பு வெளிப்படையாகவே கேட்டது. அவர் தடுமாறினார், வரிகளைத் தவறவிட்டார். அவையை நடத்திய பேராசிரியர் நல்லவர். இரக்கத்துடன், "பரவாயில்லை, உன் தாய்மொழியிலேயே சொல். தெலுங்கில் சொல்" என்றார். மாணவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆங்கிலத்திலேயே, "தெலுங்கு என் பள்ளியின் மொழி, சார். என் தாய்மொழி கோண்டி" என்றார்.

அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். சத்தமாகச் சிரிக்கவில்லை, புன்னகைத்தேன், அவ்வளவுதான் என்று பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. ஏனெனில் அந்தச் சொல்லின் வரலாறு எனக்குத் தெரியும். ஆங்கிலம் அச்சொல்லைப் பிரெஞ்சிலிருந்து பெற்றபோது அதில் அந்த 'ப' ஒலிக்கான எழுத்தே இல்லை. பிற்காலப் புலவர்கள், தம் மொழி லத்தீனைப் போலத் தோற்றமளித்தால் பெருமை என்று எண்ணி, லத்தீன் மூலச்சொல்லில் இருந்த எழுத்தை உள்ளே செருகினார்கள். எழுத்து நுழைந்தது, ஒலி நுழையவில்லை. லத்தீன் முன் ஆங்கிலம் ஒரு காலத்தில் கொண்டிருந்த கூச்சத்தின் தழும்பு அது. அந்தத் தழும்பை அப்படியே வாசித்ததற்காக ஆதிலாபாத்தின் இளைஞர் ஒருவரைப் பார்த்துச் சிரித்தோம். உழவர்களின் கடன் பற்றி அவர் சொன்ன எதுவும் அன்று எவருடைய குறிப்பேட்டிலும் ஏறவில்லை.

நம் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நின்றுவிடுகின்றன. ஒரு தரப்பு, ஆங்கிலம் அடிமைத்தனத்தின் எச்சம் என்கிறது. மற்றது, ஆங்கிலமே விடுதலை என்கிறது. கோண்டி பேசும் அந்த மாணவர் இரண்டு தரப்பின் கண்ணுக்கும் தெரிவதில்லை. 2011 கணக்கெடுப்பில் கோண்டியைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ 29.8 லட்சம் பேர். சமஸ்கிருதத்தைக் குறித்தவர்கள் 24,821 பேர். எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருப்பது சமஸ்கிருதம். கோண்டிக்கு அங்கே இடமில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயினும் "தாய்மொழி வழிக் கல்வி" என்று நாம் முழங்கும்போது, நடைமுறையில் அது மாநில மொழி வழிக் கல்வியாகவே இருக்கிறது. கோண்டிக் குழந்தைக்குத் தெலுங்கும் அயல்மொழிதான்.

இந்த மறதி பழையது. 1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அந்த விவாதத்தில் எதிரெதிரே நின்றவை ஆங்கிலமும் மக்கள் மொழிகளும் அல்ல. ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் சமஸ்கிருதமும் அரபியும். மக்கள் பேசும் மொழிகள் உயர்கல்விக்கு உதவா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போவதாக மெக்காலேயே குறித்திருக்கிறார். ஆக, இன்று நாம் மீட்டெடுக்க விரும்பும் பழைய பெருமையிலும் சந்தை அக்காவின் மொழிகளுக்கு இடம் இருந்ததில்லை. சமஸ்கிருதக் கல்வி மறுக்கப்பட்ட சாதியினருக்கு ஆங்கிலம் ஏன் ஆண்டான் மொழியாக அன்றித் திறந்த கதவாகத் தோன்றியது என்பதை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள முடியும். 19ஆம் நூற்றாண்டிலேயே சாவித்ரிபாய் புலே ஆங்கிலத்தைத் தாயாகப் பாடினார், அதையும் மராத்தியில் பாடினார். 2010இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பங்கா கிராமத்தில், தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத்தின் முன்முயற்சியில் 'ஆங்கிலத் தேவி'க்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். கையில் எழுதுகோலும் அரசமைப்பு நூலும் ஏந்திய தேவி. இளங்கலை மாணவனாக அச்செய்தியைப் படித்து நானும் நண்பர்களும் கேலி செய்திருக்கிறோம். இன்று அதைக் கேலியாகப் பார்க்க என்னால் இயலவில்லை. ஆங்கிலம் ஏற்கெனவே கைவசம் உள்ளவனுக்கே அந்தக் கேலி எளிது.

இதற்கு மேற்கு வங்கம் நல்ல பாடம். 1980களின் தொடக்கத்தில் இடதுசாரி அரசு, அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. நோக்கத்தில் குறையில்லை. முதல் தலைமுறைக் குழந்தைகள் அயல்மொழிச் சுமையால் பள்ளியைவிட்டு விலகக் கூடாது என்பதே அது. ஆனால் வசதி படைத்தோர் தம் குழந்தைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். வேலைவாய்ப்பு, உயர்கல்வி, நீதிமன்றம் எதுவும் மொழி மாறவில்லை. 1990களின் இறுதியில் ஆங்கிலத்தைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கி, 2000களின் முற்பாதியில் முதல் வகுப்புக்கே அது வந்து சேர்ந்தது. ஏணியின் உச்சியில் ஆங்கிலத்தை வைத்துவிட்டு, அடிப்படிகளில் மட்டும் அதை நீக்கினால் ஏறாமல் நிற்பவர்கள் ஏழைகள் மட்டுமே. தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பற்றைப் பரிந்துரைப்பவர்களை நம் எல்லா மாநிலங்களிலும் காண்கிறோம். தமிழ்நாடும் விலக்கன்று. நான் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். ஆண்டுவிழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும் குறைவின்றி ஒலிக்கும்.

எனில், எல்லோரையும் ஆங்கில வழியில் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் பழக்கமில்லாத மொழியில் அறிவியலைப் படிப்பது மனப்பாடத்தில்தான் முடிகிறது. தெரிந்த மொழியில் கருத்தைக் கற்பதும், ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பதும் ஒன்றையொன்று வெட்டும் வழிகள் அல்ல. உலகெங்கும் பன்மொழிக் கல்வி குறித்து ஆய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் வந்தடையும் இடம் இது. நம் பெற்றோருக்கு இதை எவரும் சொல்வதில்லை. பலகையில் எழுதப்பட்ட 'ஆங்கில வழி' என்ற சொல்லையே அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆங்கிலம் கற்ற பிறகும் வரிசை முடிவதில்லை. அழைப்பு மையங்களில் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் எம்.டி.ஐ. என்ற மூன்றெழுத்தை அறிவார்கள். 'தாய்மொழித் தாக்கம்' என்று பொருள். பயிற்சியில் அதை நோயைப் போலக் கண்டறிந்து நீக்குகிறார்கள். தமிழர் நாவின் டகரம், வங்காளியர் நாவின் பகரம், இந்தி பேசுவோர் 'ஸ்கூல்' என்பதற்கு முன் சேர்க்கும் இகரம் எல்லாம் குறைகளாகக் குறிக்கப்படுகின்றன. ஒலியியல் கற்றவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: தாக்கம் இல்லாத நாக்கு உலகில் இல்லை. லண்டன்காரர் தமிழ் பேசினாலும் அவருடைய தாய்மொழி அதில் ஒலிக்கும். அதை நாம் குறையென்று சொல்வதில்லை, "எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறார்" என்று கைதட்டுகிறோம்.

இந்த இகழ்ச்சி ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதுமன்று. தெலங்கானாத் தெலுங்கு நெடுங்காலம் திரைப்படங்களில் அடியாட்களின் மொழியாகவும் கோமாளிகளின் மொழியாகவும் பயன்படுத்தப்பட்டது. தனி மாநிலக் கோரிக்கையின் உணர்வுகளில் அந்த அவமானமும் ஒன்று. இன்று கவிஞர் காளோஜியின் பிறந்தநாளான செப்டம்பர் 9 அங்கே மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழிலும் சேரி வழக்கைத் திரையில் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தின் முன் குனிபவர்களே தம் மொழிக்குள் வேறொருவரைக் குனிய வைக்கிறார்கள்.

ஒரு மொழிக்கு மதிப்பு, அதைப் புகழ்வதால் வருவதில்லை. அந்த மொழியில் ஏதேனும் முடிவாகும்போது வருகிறது. அரசமைப்பின் 348ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்கிறது. நான்கு வட மாநிலங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழ், கன்னடம், வங்காளம், குஜராத்தி ஆகியவற்றுக்கான கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை. தம்மைப் பற்றிய தீர்ப்பை வழக்குத் தொடுத்தவரே புரிந்துகொள்ள முடியாத நிலை இது. மாறாக, குடிமைப் பணித் தேர்வை எட்டாம் அட்டவணை மொழிகளில் எழுதலாம் என்று 1979 முதல் திறந்துவிட்டபோது, சிறுநகரங்களின் இளைஞர்களுக்கு அந்த அரங்கில் நுழைய வழி பிறந்தது. ஆங்கில வழிப் படிப்பாயினும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத மாணவர்களை அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு கேட்டுக்கொண்டது. நல்ல சொல்தான். ஆனால் பாடநூலும் திருத்துபவரும் கலைச்சொல்லும் இல்லாமல் அனுமதி மட்டும் இருந்தால், அது மாணவரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுக் கையை விடுவதற்கு ஒப்பாகும்.

தமிழ் நண்பர்கள் சிலர் இங்கே என்னை எச்சரிப்பார்கள்: ஆங்கிலத்தைத் தள்ளினால் அந்த இடத்தில் இந்தி வந்து அமரும் என்று. நியாயமான அச்சம்தான். 1965இன் போராட்டமே ஆங்கிலத்தை ஒரு கேடயமாக நம் கையில் தந்தது. அந்தக் கேடயத்தைக் கீழே போடச் சொல்லவில்லை. என் கோரிக்கை எளியது. ஆங்கிலத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் நன்றாகக் கற்பியுங்கள். அதே வேளையில் பிற மொழிகளிலும் தேர்வும் தீர்ப்பும் ஆய்வும் நிகழட்டும். உச்சரிப்பைக் கொண்டு எவருடைய அறிவையும் அளக்காதீர்கள்.

பெரிய மாற்றங்கள் என் கையில் இல்லை. முதலாண்டு மாணவர்களுக்கு நான் நடத்தும் வாராந்தர வகுப்பில் ஒரு சிறு ஏற்பாடு மட்டும் செய்தேன். எந்த மொழியிலும் கேள்வி கேட்கலாம். புரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பெயர்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பு மெதுவாகத்தான் நகர்கிறது. சில வாரங்கள் பாடத்தின் பாதியில் மணி அடித்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் மாதத்தில், அதுவரை வாய் திறக்காத நால்வர் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆதிலாபாத் மாணவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் சிரித்ததை நான் கவனிக்கவில்லை, அண்ணா" என்றார். அவர் கவனித்திருந்தார் என்று இருவருக்குமே தெரியும்.

என் ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். என் அம்மாவால் அதில் ஒரு வரியும் படிக்க முடியாது. அந்த முரணிலிருந்து நான் வெளியேறிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். படிவத்தில் மட்டும் ஒரு கேள்வியை மாற்றிவிட்டேன். "உங்களுக்கு எந்தெந்த மொழிகள் தெரியும்?" என்று இப்போது கேட்பதில்லை. "யாரிடம் எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று கேட்கிறேன். அந்த அக்காவிடம் மறுபடி சென்று கேட்டபோது, விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஐந்தாவது விரலில் நின்றார். தம் அம்மா வழிப் பாட்டியிடம் பேசிய லம்பாடி மொழியை அவர் முதன்முறை எண்ணவே மறந்திருந்தார்.