சொந்த ஊரில் வாடகை வீடு

கொழும்பிலே உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய அன்பரொருவர், பெரியகல்லாற்றில் வளவொன்று வாங்கலாமா என்று எம்மிடம் யோசனை கேட்டார். மட்டக்களப்பு வழக்கப்படி மனைவியின் வீடு மகளுக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. மகள் வரச்சொல்கிறாள், கொடுத்த வீட்டில் விருந்தாளியாயிருக்க அவருக்கு மனமில்லை.

“ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள்” என்றோம்.

“பிறந்த ஊரில் வாடகையா? நாலுபேர் சிரிப்பார்களே!”

சிரிக்கட்டும். கையிலுள்ள பணத்தை ஒருமுறைதான் செலவிடலாம். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய மணல்நிலம். 1978 நவம்பரில் சூறாவளியும், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் கண்ட கரை இது. மார்கழி மழையில் வளவில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கும், ஆவணி வெயிலில் கிணற்றுநீர் உவர்க்குமா என்பதை விற்பவர் சொல்லமாட்டார், குடியிருந்தே அறியவேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸேறிப் போய்வரும் சிரமமும் அப்படியே.

அன்பர் அரைமனதோடு இசைந்தார். ஐப்பசியில் குடிபுகுகிறார். அம்மையார் விதித்த நிபந்தனை ஒன்றே: மகள் வீட்டுக்கு நடந்துபோகும் தூரமாயிருக்கவேண்டும்.