பிரிக்கப்படாத பெட்டிகளும் நம் பயான்களும்



நானறிந்த சகோதரர் ஒருவர் இஷா தொழுதுவிட்டு வந்து படுத்ததும் கைப்பேசியைத் திறப்பார். ஒரு மணி நேரத்திற்குள் கைக்கடிகாரம், காலணி, அத்தர் என்று மூன்று நான்கு பொருள்களுக்கு ஆர்டர் போய்விடும். வீட்டிற்கு வந்தால் மனைவி பார்த்துவிடுவார் என்று எல்லாவற்றையும் கடை முகவரிக்கே வரவழைப்பார். கடையின் பரணில் இன்றும் பிரிக்கப்படாத பெட்டிகள் கிடக்கின்றன. மனைவியின் நகைகளோ அடகில் கிடக்கின்றன. விஷயம் வெளிப்பட்ட நாளில் குடும்பப் பெரியவர்கள் கூடினர். "அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்" என்பதே அவர்கள் தந்த ஒரே மருந்து. அவர் அழுதார், தவ்பா செய்தார். பத்தே நாளில் அடுத்த பெட்டி வந்து இறங்கியது.

இதை ஈமானின் பலவீனம் என்று சொல்லி முடித்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் அது நியாயமன்று.

வீண்விரயம் செய்பவன் வாங்கியதை உடுத்துகிறான், அனுபவிக்கிறான், ஊருக்குக் காட்டுகிறான். இந்தச் சகோதரரோ பெட்டியைப் பிரிப்பதுகூட இல்லை. அவருக்குத் தேவைப்படுவது பொருளன்று. வாங்கும் அந்தக் கணம். கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே மூளையில் டோபமைன் சுரக்கிறது. பொருள் கைக்கு வந்ததும் அந்தக் கிளர்ச்சி வடிந்துவிடுகிறது. மிஞ்சுவது குற்றவுணர்வு. அதை மறக்க மீண்டும் வாங்குகிறார். மதுவுக்கு அடிமையானவனின் சுழற்சியும் இதுவேயன்றோ?

நூறாண்டுகளுக்கு முன்பே ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் இந்நிலையை நோயென அடையாளம் காட்டினார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளின் வரிசையில் இது இடம்பெறுகிறது. இதை அடிமைத்தனம் என்பதா, உந்துதல் கோளாறு என்பதா என்ற விவாதம் மருத்துவர்களிடையே தொடர்கிறது. எப்பெயரிட்டாலும் இதற்குச் சிகிச்சை தேவை.

நம் பயான்களில் இப்பேச்சு எழுந்தாலே பெண்கள் பக்கம்தான் விரல் நீள்கிறது. 2006இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு வெளியானது. அதில் இப்பழக்கம் பெண்களில் 6.0 விழுக்காட்டினரிடமும் ஆண்களில் 5.5 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. பெண் வாங்கினால் ஊதாரித்தனம், ஆண் வாங்கினால் ரசனை என்று பிரித்துப் பேசும் நம் நாவுகள் அல்லாஹ்வுக்கு அஞ்சட்டும்.

விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்ற இறைவசனத்தை (17:27) நாம் மனனமாக வைத்திருக்கிறோம். அது சத்தியம். ஆனால் அதே குர்ஆனில் சூரா அந்நிஸாவின் ஐந்தாம் வசனத்தை ஏன் மறந்தோம்? செல்வத்தை நிர்வகிக்கும் தெளிவில்லாதவர்களிடம் அதை ஒப்படைக்க வேண்டாம் என்று தடுக்கும் அவ்வசனம், அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்குமாறும் அவர்களிடம் கனிவாகப் பேசுமாறும் கட்டளையிடுகிறது. பணத்தை விட்டுக் கையை விலக்கச் சொன்ன இறைவன், மனிதனை விட்டு மனத்தை விலக்கச் சொல்லவில்லை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். கடனட்டையை அவர் கையிலேயே விட்டுவிட்டுக் கனிவை மட்டும் பறித்துக்கொள்கிறோம்.

"நோய் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாதா?" எனச் சிலர் கேட்கலாம். நீங்காது. சர்க்கரை நோய் வந்தது ஒருவரின் குற்றமாக இல்லாதிருக்கலாம். மருந்துண்ண மறுப்பது அவர் குற்றமே. நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அந்தச் சகோதரர் பட்ட கடன் அவர் கழுத்தில்தான் இருக்கிறது. அதை அடைக்கும் வழியில் அவரைத் தனியே விட்டுவிடுவதுதான் நம் குற்றம்.

ஆகவே, குடும்பத்தாரே! கடனட்டையையும் தவணைக் கணக்குகளையும் முடக்குங்கள். வரவு செலவு சில காலம் நம்பிக்கையான மற்றொருவர் கையில் இருக்கட்டும். வணிகச் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை பலருக்குப் பயனளித்திருக்கிறது. எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மது அருந்துபவரை மீட்கக் கூடிப் பேசும் நீங்கள், வட்டியில் மூழ்கும் இவரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நகையை மீட்க அழகிய கடன் கொடுங்கள். அவர் பெயரை மிம்பரில் ஏற்றாதீர்கள்.

அந்தப் பரணில் இருப்பவை வெறும் பெட்டிகள் அல்ல. உதவி கேட்க வெட்கப்பட்ட ஒரு மனிதரின் இரவுகள். அவரைக் கண்டிக்கும் முன் அவர் அருகே அமர்வோம். அல்லாஹ் நம் செல்வத்தையும் நம் நாவுகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.