கோழிக் கூட்டின் கதவு

சென்ற ஐப்பசியில் நம் வீட்டுப் புழக்கடையில் ஒரு பெட்டைக் கோழி 12 முட்டைகளின்மேல் 21 நாள் தவம் கிடந்து, 10 குஞ்சுகளைப் பொரித்தது. அன்று முதல் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. இரண்டு வாரம் சென்று ஒரு காலையில் போய்ப் பார்த்தால், தாய்க் கோழி கழுத்துக் கடியுண்டு கிடந்தது. கூட்டின் மூலையில் இரண்டே குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வழக்கம்போல் நாம் வானத்தை நோக்கிப் பருந்தைச் சபித்தோம். அடுத்த வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து நின்றாள். "ராத்திரியிலே ஏது தம்பி பருந்து? கூட்டைச் சாத்தினியா, இல்லையா? அதைச் சொல்லு!" என்றாள்.

சாத்தவில்லை. மழைக்குச் சோம்பிப் படுத்துவிட்டோம். ஈர மண்ணில் பதிந்திருந்த தடங்கள் முருங்கை மரத்தடி வரையில் சென்று மறைந்தன. பூனையின் தடமானால் நான்கு விரல்கள்; நகம் பதியாது. இவற்றிலோ ஐந்து விரல்களும் நகங்களும் தெளிவாகத் தெரிந்தன. வந்துபோனது மரநாய்.

எட்டுக் குஞ்சு போனால் என்ன பிரமாதம் என்று பட்டணத்து நேயர்கள் எண்ணலாம். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வளர்க்கப்படும் கோழி முதலிய பறவைகள் 85 கோடிக்கு மேல். அவற்றில் ஏறக்குறைய 31 கோடியே 70 லட்சம் புழக்கடையில் வளர்பவை. அநேகம் கிராமத்துக் குடும்பங்களில் இவை வீட்டுப் பெண்களின் சொந்தக் கைப்பணம். குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்கும், அவசரத்தில் வைத்தியச் செலவுக்கும் ஒரு சேவல் சந்தைக்குப் போகிறது. மரநாய் தூக்கிச் செல்வது அந்தப் பணத்தைத்தான்.

திருடர்களுக்கு வேளை உண்டு. பருந்து, வல்லூறு, காகம், கீரி இவை பகலில் வருபவை. மரநாயும் பெருச்சாளியும் இரவில் வரும். நரிக்கு அந்தியும் விடியலும் உகந்தவை. நாய்க்கும் பாம்புக்கும் வேளை என்ற கணக்கில்லை. எந்த நேரத்தில் நஷ்டம் வந்தது என்று தெரிந்தாலே பாதி விசாரணை முடிந்தது.

இரவு நஷ்டம் முழுவதும் நம் பொறுப்பு. இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது; தப்பி ஓட வழியில்லை. ஆனால் பொழுது சாயும்போது தானாகவே கூட்டிற்குள் வந்துவிடுகிறது. எனவே நாம் செய்ய வேண்டியது, எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிடுவதுதான். மூங்கிற் பஞ்சாரம், மேலே ஒரு கல்லை வைத்தால், பகலில் குஞ்சுகளுக்கு நல்ல காவல். இரவில் அதை நம்பலாகாது. கடையில் விற்கும் அறுகோணக் கண் மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே ஒழிய, நாய் உள்ளே வராமல் தடுக்காது. கனமான கம்பிவலை வேண்டும். அதன் கண் அரை அங்குலத்திற்கு மேற்படாதிருந்தால் பெருச்சாளியும் நுழையாது. வலையின் அடிப்பாகத்தை வெளிப்புறமாக ஓர் அடி மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால், தோண்ட வரும் பிராணிக்குக் கம்பிதான் தட்டுப்படும். சிந்திய தீனியை அந்தியில் கூட்டி எடுத்துவிடுவதும் அவசியம். தீனிக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். வந்த பாம்பு முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டா போகும்?

பகற்பொழுதின் கதை வேறு. நாள் முழுதும் அடைத்து வைத்தால் அது மேயும் கோழி ஆகாது. இங்கே நமக்குத் துணை சேவல். சேவலின் அபாயக் குரல் ஒன்றல்ல, இரண்டு என்பதை 1993-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெளிவாக்கியது. வானில் பருந்தைக் கண்டால் ஒருவிதமாகக் குரல் கொடுக்கிறது. கோழிகள் மறைவிடம் தேடி ஓடுகின்றன. தரையில் பகை வந்தால் வேறுவிதமாகக் கொக்கரிக்கிறது. கோழிகள் கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கின்றன. நம் பாட்டிமார் இந்தக் குரல்களைக் கேட்டே அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தவர்கள். ஆனால் சேவல் கூவியும், ஓடி ஒளிய இடம் இல்லாவிட்டால் என்ன பயன்? சுத்தமாகப் பெருக்கிய வெட்டவெளி முற்றம் பருந்துக்கு இட்ட பந்தி. இரண்டு வாழை, ஒரு மருதாணிப் புதர், சாய்த்து வைத்த பழைய ஓலைத் தட்டி, இவை போதும். கண்ணாடித் துண்டும் சிவப்புத் துணியும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். காகம் சில நாளில் பழகிவிடுகிறது.

கோபத்தில் சிலர் செத்த கோழியில் விஷம் தடவி வைத்துவிடுகிறார்கள். அதைத் தின்று சாவது தெருநாயாகவும் இருக்கலாம், அடுத்த வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம். பருந்து, கீரி, மரநாய் இவற்றைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போதாக்குறைக்கு, வயல் எலியைத் தின்று நெல்லைக் காக்கும் கீரியும் இதே கீரிதான்.

நம் வீட்டில் தப்பிய இரண்டில் ஒன்று சேவல். தாயில்லாப் பிள்ளை; இருந்தாலும் குரலுக்குக் குறைவில்லை. நேற்றுப் பட்டப்பகலில் அது கத்திய கத்தலில் நாம் எழுதுகோலைப் போட்டுவிட்டு ஓடினோம். வேலியோரம் கீரி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. பொழுது சாய்ந்ததும் பாட்டியின் குரல் கேட்டது: "தம்பி, சாத்தியாச்சா?"