அந்தக் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுங்கள்!



சென்ற தவணையில் எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பாடத்திற்குத் தொடர்பில்லாத குறிப்பேடுகள் வகுப்பறையில் கண்ணில் பட்டால் பறிமுதல் செய்ய வேண்டும் என்பதே அம்முடிவு. கையை உயர்த்தி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தக் கையை இறக்கிக்கொள்கிறேன். ஏன் என்பதை விளக்குவது என் கடமை.

முடிவெடுத்த இரண்டாம் வாரமே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு குறிப்பேட்டைப் பறித்தேன். எண்பது சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பதோடு எழுதுகோலை வைத்துவிடும் பிள்ளை அவன். குறிப்பேட்டிலோ அறுபது பக்கங்களுக்கு மேல் எழுதியிருந்தான், தமிழிலேயே எழுதியிருந்தான். எல்லாம் 'ஃபிஷ்' என்னும் அமெரிக்க இசைக்குழுவைப் பற்றியவை. அமெரிக்காவில் படிக்கும் அவன் அண்ணன் அந்தக் குழுவின் ரசிகன். நியூயார்க்கில் கோடைகாலச் சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை எட்டு மணி. அண்ணனும் தம்பியும் நிகழ்ச்சிக்கு முன்பே, இன்று எந்தப் பத்துப் பாடல்கள் இசைக்கப்படும் என்று தனித்தனியே எழுதி வைப்பார்களாம். சரியாகச் சொன்ன பாடலுக்கு ஒரு புள்ளி; முதற்பாடலைச் சரியாகச் சொன்னால் மூன்று புள்ளி.

அதில் ஒரு பக்கம் இப்படிப் போகிறது: "முந்தாநாள் டுவீசர் வாசித்துவிட்டார்கள். ஆகையால் இன்று வாசிக்கமாட்டார்கள். வாசிப்பார்கள் என்று அண்ணன் சொல்கிறான். இந்த முறை அவன் தோற்பான்."

ஆசிரியர்களே, அந்த 'ஆகையால்' என்ற சொல்லைப் பாருங்கள்! இரண்டு ஆண்டுகளாக அவனிடம் நான் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத இணைப்பிடைச்சொல் அது. பயிற்றியில் வராதது இங்கே தானாக வந்து நிற்கிறது. காரணம் எளிது. இங்கே அவனுக்குச் சொல்வதற்கு ஒரு கருத்து இருந்தது. மறுப்பதற்கு ஓர் எதிராளியும் இருந்தான்.

"இது வெட்டி வேலை" என்றார் சக ஆசிரியர் ஒருவர். அந்தச் சொல்லைத்தான் இன்று எதிர்க்கிறேன்.

இந்த ரசிகர்கள் செய்வது என்ன என்று முதலில் அறிந்துகொள்வோம். ஃபிஷ் 1983இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தோன்றிய குழு. இத்தகைய குழுக்களை 'ஜாம்' குழுக்கள் என்பர். ஒரே பாடலை இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி வாசிக்கமாட்டார்கள். பாடலின் நடுவே புறப்பட்டு, முன்கூட்டித் திட்டமிடாத கற்பனைப் பாதையில் நெடுந்தொலைவு சென்று திரும்புவார்கள். சில வேளை திரும்பாமலேயே அடுத்த பாடலுக்குள் நுழைந்துவிடுவார்கள். பாடல் நிரலும் இரவுக்கு இரவு மாறும். இதனால்தான் இங்கே ஊகத்திற்கு இடமுண்டு, ஒப்பீட்டிற்குப் பொருளுண்டு.

அந்தக் குழுவே ரசிகர்களை விளையாட்டுக்கு அழைத்தது. 1992ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் சில இசைக் குறிப்புகளை மேடையிலிருந்தே கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குறிப்பைக் கேட்டால் எல்லாரும் கீழே விழ வேண்டும். இன்னொன்றைக் கேட்டால் ஆளுக்கொரு சுரத்தை வாய்விட்டுப் பாட வேண்டும். முதன்முறை வந்தவர் திகைத்து நிற்பார். காது கூர்மையானவர் நொடியில் விழுவார். செவிமடுத்தலுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நம் பாடத்திட்டம் தந்திருக்கிறதா?

1995இல் நாடு முழுவதும் சுற்றுப்பயணம் செய்தபோது குழுவுக்கும் ரசிகர்களுக்கும் இடையே சதுரங்கப் போட்டி நடந்தது. மேடையில் பெரிய பலகை. ஓர் இரவுக்கு இரு தரப்பும் ஒவ்வொரு காய் நகர்த்தும். ரசிகர்கள் தங்கள் நகர்வை இடைவேளையில் கூடிப் பேசி முடிவுசெய்வார்கள். நவம்பரில் முடிந்த முதல் ஆட்டத்தில் குழு வென்றது. ஆண்டின் கடைசி இரவில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் இரண்டாம் ஆட்டத்தை ரசிகர்கள் வென்றார்கள். ஊருக்கு ஊர் மாறும் ஒரு கூட்டம் பல வாரங்கள் ஒரே ஆட்டத்தைத் தொடர்ந்து சிந்தித்தது என்றால், அதற்குப் பெயர் வெட்டி வேலையா?

2017ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அதே அரங்கில் பதின்மூன்று இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒரு பாடல்கூட இரண்டாம் முறை வரவில்லை. மொத்தம் 237 பாடல்கள்! ஒவ்வோர் இரவுக்கும் ஒரு டோனட் சுவை; அந்தச் சுவையை ஒட்டிச் சில பாடல்கள். ஸ்ட்ராபெரி இரவென்றால் பீட்டில்ஸ் குழுவின் ஸ்ட்ராபெரிப் பாடல் வந்தது. நாளைய சுவை எது, அதற்கு எந்தப் பாடல் பொருந்தும், மீதமுள்ள பாடல்கள் எவை என்று ரசிகர்கள் நாள்தோறும் கணக்கிட்டார்கள். கழித்தல் முறையில் விடை காணும் இந்தக் கலையைத்தான் நாம் 'உயர்நிலைச் சிந்தனை' என்று பெயரிட்டுப் பயிற்சித்தாளில் அடைத்து வைத்திருக்கிறோம்.

இனி வாதங்களுக்கு வருவோம். பெற்றோர் சிலருக்கு இதுதான் எரிச்சல். "ஒரே பாட்டை எந்த இரவில் நன்றாக வாசித்தார்கள் என்று சண்டை போடுவதா?" என்று ஒரு தாயார் என்னிடமே கேட்டார். ஆம் அம்மா, போடட்டும் என்பேன். ஏனெனில் அந்தச் சண்டையில் இலக்கணம் பிறக்கிறது. பாடலின் கட்டமைப்புக்குள்ளேயே விரியும் வாசிப்பை முதல் வகை என்றும், கட்டமைப்பை உடைத்துப் புதுவெளிக்குச் செல்வதை இரண்டாம் வகை என்றும் ஃபிஷ் ரசிகர்கள் பகுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் வகுத்துக் கொடுத்ததன்று. ரசிகர்களே பேசிப் பேசி வகுத்துக்கொண்டது. எல்லைக்கோடு எங்கே என்பதில் இன்றும் அவர்களுக்குள் உடன்பாடில்லை. கேட்டதைப் பகுத்து, பெயரிட்டு, விதிவிலக்கைக் கண்டு திருத்துவதுதானே இலக்கணம்?

2013ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் டாஹோ ஏரியருகே அந்த 'டுவீசர்' பாடல் முப்பத்தாறு நிமிடங்களுக்கும் மேல் நீண்டது. இசை நின்று தொடங்கும் இடைவெளிகளில் கூட்டத்தினர் 'வூ' என்று ஒரே குரலில் கூவினார்கள். அந்தக் கூவல் இசையின் பகுதியா, இசைக்கு இடையூறா? அதன்பின் நெடுநாள் இதைப் பற்றி வாதிட்டார்கள். கேட்பவனுக்கு எவ்வளவு உரிமை உண்டு, எவ்வளவு அடக்கம் வேண்டும் என்ற பெரிய வினா அந்தச் சிறிய கூவலுக்குள் இருக்கிறது.

இவர்களுக்கு முன்னோடி 'கிரேட்ஃபுல் டெட்' குழுவின் ரசிகர்கள். 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்தக் குழு, ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்வதைத் தடுக்கவில்லை. 1984இல் பதிவாளர்களுக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது: ஒலிநாடாவை விற்கக்கூடாது. வெற்று நாடாவும் அஞ்சல் செலவும் அனுப்பினால், முன்பின் அறியாத ஒருவர் படியெடுத்து அனுப்புவார். ஒவ்வோர் இரவின் பாடல் நிரலையும் தொகுத்து 1987இல் நூலாகவே வெளியிட்டார்கள்.

அவர்களின் மிகப் பெரிய வாதம், 1977ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சி பற்றியது. அதுவே அந்தக் குழுவின் தலைசிறந்த இரவு என்று ஒரு சாரார் சொல்வர். மறுசாரார் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்: "அன்று சிறப்பாக வாசித்தார்களா, அல்லது அந்த இரவின் ஒலிப்பதிவு தெளிவாக அமைந்து பலர் கைக்குக் கிடைத்ததால் புகழ்பெற்றதா?" சான்றின் தரம் வேறு, பொருளின் தரம் வேறு என்று பிரித்துக் காணும் அறிவு இது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கு அந்த நிகழ்ச்சியைச் சேர்த்தது. அதற்குப் பிறகும் ரசிகர்கள் வாதத்தை நிறுத்தவில்லை. அரசு நிறுவனம் சொல்லிவிட்டதே என்று வாய்மூடாத அந்தத் துணிவு என்னைக் கவர்கிறது. நம் மாணவரிடம் அதைக் கண்டால் நாம் 'வாயாடி' என்கிறோம்!

2018ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் ஃபிஷ் குழு ஒரு குறும்பு செய்தது. 1981இல் வெளிவந்த, யாரும் அறியாத ஸ்காண்டிநேவியக் குழுவொன்றின் இசைத்தொகுப்பை வாசிக்கப்போவதாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். பொய்யான கட்டுரைகளைக்கூட இணையத்தில் முன்பே விதைத்திருந்தார்கள். உண்மையில் அப்படியொரு குழுவே இல்லை. அனைத்தும் அவர்களுடைய புதிய பாடல்கள். துருவித் தேடிய ரசிகர்கள் விரைவிலேயே குட்டை உடைத்தார்கள். அச்சில் கண்டதை அப்படியே நம்பாமல் சரிபார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இன்று எவ்வளவு தேவை என்பதைப் புலனச் செய்திகளை நாள்தோறும் அனுப்பும் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்வாதங்களை நான் மறைக்கப்போவதில்லை.

"எண்களும் புள்ளிகளும் ரசனையைக் கொன்றுவிடும்" என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. நிகழ்ச்சி முடிந்த மறுகணமே ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் ரசிகர்களும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவரை "உனக்கென்ன தெரியும்?" என்று இழிவுபடுத்துபவர்களும் இருக்கிறார்கள். அது ரசனையன்று, செருக்கு. ஆனால் மதிப்பெண்ணால் ரசனை சாகும் என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டா? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. நம் மனத்திலிருந்து இன்னும் நீங்கவில்லை. கவிதையைக் கூட மதிப்பெண் கண்ணாடி வழியாகவே காட்டும் நாம், விரும்பிக் கணக்கெழுதும் சிறுவனைக் குறை கூறுவது முறையா?

இரண்டாவது, போதைப்பொருள் பற்றிய அச்சம். இது வீண் அச்சமன்று. இந்த இசைச் சூழலில் போதை இருந்தது, உயிர்களையும் பறித்தது. ஃபிஷ் குழுவின் தலைமைக் கிட்டார் கலைஞர் டிரே அனஸ்டாசியோவே 2006இல் போதைப்பொருள் வைத்திருந்ததற்காகக் கைதாகி, நீதிமன்ற மேற்பார்வையில் சிகிச்சை பெற்று மீண்டவர். ஆனால் அதே ரசிகர்களிடையே மது, போதை இன்றி இசை கேட்க உறுதிபூண்டோர் அமைப்புகளும் உண்டு. மஞ்சள் பலூன் கட்டிய மேசையருகே இடைவேளையில் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கிறார்கள். பெற்றோர்களே, பிள்ளையிடம் இவை இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள். குறிப்பேட்டைக் கிழிப்பதால் போதை ஒழியாது. உங்களிடம் பேசும் வழக்கம்தான் ஒழியும்.

மூன்றாவது, "இதனால் தமிழுக்கு என்ன பயன்?" என்பது. தமிழாசிரியனாகிய என்னை அதிகம் சுட்ட கேள்வி இது. பிள்ளை எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாம் கட்டளையிடலாம். பேச ஆசை வேண்டும் என்று கட்டளையிட முடியாது. 'நான் ஒரு மழைத்துளி' என்று எழுதச் சொன்னபோது அவன் ஊமையானான். தான் நேசிக்கும் ஒன்றைப் பற்றி எழுதியபோது அவனுக்குத் தமிழ் வந்தது. அமெரிக்க இசைக்குழு அவனைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. பிரிக்க இருந்தது, அந்தக் குறிப்பேட்டைப் பறித்த என் கை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். ஃபிஷ் ரசிகர்கள் 1996இல் 'மாக்கிங்பேர்டு' என்னும் அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். சம்பளம் பெறும் பணியாளர் எவரும் இல்லை, எல்லாரும் தொண்டர்கள். பாடல் நிரல்களையும் புள்ளிவிவரங்களையும் தொகுத்துத் தடித்த நூலாக வெளியிட்டு, அந்த வருவாயையும் நன்கொடைகளையும் சிறுவர்களின் இசைக் கல்விக்கு வழங்கிவருகிறார்கள். 'வெட்டி வேலை' என்று நாம் ஏளனம் செய்த அதே கணக்கெழுதுதல் எங்கோ ஒரு பள்ளிக்கு வயலினாக வந்து சேர்கிறது!

ஆசிரியர் அறை இழுப்பறையில் இன்னும் பல குறிப்பேடுகள் கிடக்கின்றன. காற்பந்துக் கணக்கு எழுதியவை சில, கேலிச்சித்திரக் கதைகள் சில. சென்ற திங்கட்கிழமை அந்தச் சிறுவனின் குறிப்பேட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ஐயா, படிச்சீங்களா?" என்று கேட்டான். "படித்தேன். ஓர் இடத்தில் கூட்டல் தவறு. உன் அண்ணனுக்கு ஒரு புள்ளி குறைத்துப் போட்டிருக்கிறாய்" என்றேன். "இல்லை ஐயா" என்று பக்கத்தைப் புரட்டி, காரணம் சொல்லத் தொடங்கினான். மணி அடித்தும் அவன் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அந்த முடிவை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று நானே எழுந்து கேட்பேன். வகுப்பு நேரத்தில் பாடம்தான் நடக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பறிப்பதற்கு முன் ஒருமுறை படியுங்கள். படித்தபின் திருப்பிக் கொடுங்கள். வீட்டிலும் அவ்வாறே செய்யுங்கள், பெற்றோர்களே.

சிந்திப்போம், செயல்படுவோம்!

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்