செகண்ட் ஹேண்ட் சந்தை: ஜப்பானில் ஜெயித்த மெர்காரி, பிரிட்டனில் ஏன் தோற்றது?

ஒரே ஒரு முறை போட்ட ஜாக்கெட் அலமாரியில் கிடக்கிறது. விற்றால் காசு. ஆனால் போட்டோ எடுக்கணும், விலை போடணும், பேரம் பேசணும், பார்சல் கட்டி போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிற்கணும். ‘சரி, கிடந்துட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிடுபவர்களே அதிகம். பழைய பொருள் விற்கும் ஆப்களுக்கு இந்தச் சோம்பல்தான் முதல் எதிரி. ஒரு நாட்டில் அதை ஜெயித்த வழி, இன்னொரு நாட்டில் பலிக்குமா?

ஜப்பானின் மெர்காரி 2013இல் தொடங்கியது. பூங்காக்களிலும் கோயில் வளாகங்களிலும் விரிப்பு போட்டு நடக்கும் ‘ஃப்ளீ மார்க்கெட்’டை செல்போனுக்குள் கொண்டுவந்த ஆப் இது. ஆனால் மெர்காரியின் பலம் ஆப்பில் மட்டும் இல்லை, தெருமுனையிலும் இருக்கிறது. ஜப்பானில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்வீனியன்ஸ் ஸ்டோர்கள், பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். பொருள் விற்றதும் பக்கத்துக் கடைக்குப் போய் க்யூஆர் கோடைக் காட்டி பார்சலைக் கொடுத்தால் போதும். முகவரி எழுத வேண்டாம். வாங்குபவர் யார் என்று விற்பவருக்கும், விற்பவர் யார் என்று வாங்குபவருக்கும் தெரியாமலே அனுப்பும் வசதியும் உண்டு. பொருள் கைக்கு வந்து, வாங்கியவர் ‘சரி’ சொன்ன பிறகுதான் விற்றவருக்குப் பணம். கமிஷன் 10 சதவீதம்.

இந்தத் தெம்பில் 2017இல் பிரிட்டனில் கால் வைத்தது மெர்காரி. 2018 டிசம்பரில் வெளியேறும் முடிவையும் அறிவித்துவிட்டது. இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

ஆப் மோசமா? இல்லை. பிரிட்டன்காரர்களிடம் பழசு விற்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்து வைத்து வியாபாரம் செய்யும் ‘கார் பூட் சேல்’, கடைவீதிக்குக் கடைவீதி சாரிட்டி ஷாப், போதாததற்கு 1999இலேயே வந்துவிட்ட ஈபே. இத்தனைக்கும் நடுவே புதிதாக ஒன்று நுழைந்தால், ‘எங்கிட்ட வந்தா என்ன மிச்சம்?’ என்பதற்குப் பதில் வேண்டும். ஜப்பானில் அந்தப் பதில் தெருமுனைக் கடையில் இருந்தது. கடையைக் கப்பலில் ஏற்ற முடியாதே!

அதே பிரிட்டனில் இன்னொரு வெளிநாட்டு ஆப் வேரூன்றியது. லிதுவேனியாவின் வின்டெட். வீடு மாறும்போது துணி குவிந்து கிடப்பதைப் பார்த்த மில்டா மிட்குடே, நண்பருடன் சேர்ந்து 2008இல் ஆரம்பித்தது. 2016 வாக்கில் இதுவும் தள்ளாடியது. அப்போது வந்த தாமஸ் பிளான்டெங்கா, விற்பவரிடம் கட்டணமே வாங்குவதில்லை என்ற வழிக்குக் கம்பெனியைத் திருப்பினார். பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்குபவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார். சின்ன மாற்றம்தான். ஆனால் 5 யூரோ சட்டையில் கமிஷன் போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்தவர்கள், அலமாரியைத் திறந்தார்கள்.

பார்சலுக்கு? ஜப்பான் மாதிரி கடைகள் இல்லாத பிரான்ஸில், ஏற்கெனவே பார்சல் வாங்கி வைக்கும் மளிகைக் கடைகளையும் பூக்கடைகளையும் பயன்படுத்திக்கொண்டது வின்டெட். பிறகுதான் சொந்த லாக்கர்கள். அந்தந்த ஊரில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டது. மெர்காரி கற்றிருக்க வேண்டிய பாடம் இதுதான். 2023இல் வின்டெட் முதல் முறையாக ஆண்டு லாபம் பார்த்தது: 1.78 கோடி யூரோ. 2024 அக்டோபரில் ஈபேயே பிரிட்டனில் தனிநபர் விற்பனைக் கட்டணத்தை எடுத்துவிட்டது.

கட்டணத்தை எடுத்தால் ஜெயம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2014இலிருந்து அமெரிக்காவில் இருக்கும் மெர்காரி, 2024 மார்ச்சில் விற்பவர் கட்டணத்தை நீக்கி, வாங்குபவர் தலையில் வைத்தது. பத்தே மாதம். 2025 ஜனவரியில் பழையபடி விற்பவருக்கு 10 சதவீதம்!

தைவானில் மெர்காரி வேறு வழியில் போகிறது. 2024இலிருந்து அங்கிருப்பவர்கள் ஜப்பான் மெர்காரியில் இருக்கும் பொருளையே வாங்கலாம். அங்கே யாரும் புதிதாக விற்கப் பழக வேண்டியதில்லை. பொம்மையோ பையோ, ஜப்பானில் ஒருவர் வழக்கம்போல பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கடல் தாண்டுவது பார்சல் மட்டும்.