நோபல் வாங்கின லேசரும் கேன்சர் ஃபார்வர்டும்

"நோபல் லேசர் வந்தாச்சு, ஒரு சொட்டு ரத்தம் போதும், பயாப்சியே வேண்டாம்"னு யாராவது அனுப்பினா தயவுசெஞ்சு நம்பாதீங்க.

2023 இயற்பியல் நோபல் எதுக்குன்னு தெரியுமா? எலக்ட்ரானோட அசைவைப் பார்க்க வழி செஞ்சதுக்கு. கேன்சரைக் கண்டுபிடிச்சதுக்கு இல்லீங்க.

சுத்துற ஃபேன் இறக்கையை போட்டோ எடுத்தா கலங்கலாத்தானே வரும்? ஃபிளாஷ் கண்ணிமைக்கிறதுக்குள்ள அடிச்சு அணைஞ்சா இறக்கை தெளிவா விழும். எலக்ட்ரானுக்கு அந்த ஃபிளாஷ் அட்டோசெகண்ட் கணக்குல இருக்கணும். பிரபஞ்சம் பிறந்ததுல இருந்து ஓடின நொடிகளை விட, ஒரே நொடிக்குள்ள இருக்கிற அட்டோசெகண்டுகள் அதிகம்!

1987-ல ஆன் லூலியே அகச்சிவப்பு லேசரை மந்த வாயுவுக்குள்ள செலுத்தினப்போ, வீணை நரம்புல மேல்சுரங்கள் எழுற மாதிரி பல மடங்கு அதிர்வெண்ல ஒளி வந்துச்சு. 2001-ல பியர் அகோஸ்தினி 250 அட்டோசெகண்ட் துடிப்புகளை வரிசையா உருவாக்கினார். ஃபெரென்ஸ் கிராவுஸ் 650 அட்டோசெகண்ட்ல ஒத்தைத் துடிப்பைப் பிரிச்சு எடுத்தார். அசுர உழைப்பு. "இதனால என்ன பிரயோஜனம்"னு கேட்கிறவங்களுக்காக இதுக்கு கேன்சர் முலாம் பூசணுமா?

கிராவுஸ் குழு ம்யூனிக்ல ரத்த மாதிரிகள் மேல அகச்சிவப்புத் துடிப்புகளைப் பாய்ச்சி நோயோட தடயம் தெரியுதான்னு ஆராயறது உண்மை. நல்ல முயற்சி. ஆனா ஆராய்ச்சி வேற, உங்க கையில வர்ற ரிப்போர்ட் வேற.

மார்புல கட்டி தட்டுப்பட்டா லேசருக்காகக் காத்திருக்காதீங்க. மேமோகிராம், ஸ்கேன் எடுங்க, டாக்டர் சொன்னா பயாப்சியும் பண்ணுங்க. "ஊசி குத்தினா பரவிடும்"ங்கற கதைக்கு நாளைக்கு வர்றேன்.