பட்டயத்தில் ஒரு பெயர்

குலமுறை கிளத்துதல் அரசர்க்கு மட்டுமே உரியது என்றிருந்த காலம் போயிற்று. அமெரிக்காவில் இன்று எளிய குடும்பத்தினரும் தம் முன்னோரைத் தேடுகின்றனர். காலனியாட்சியின்போது ஐரோப்பாவிலிருந்து அங்கே சென்றவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்பந்தப் பணியாளர்கள்; கப்பல் கட்டணத்துக்கு ஈடாகப் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு ஆண்டு உழைப்பை எழுதிக் கொடுத்தவர்கள். ஆகவே, தேடுவோர் பலரும் இறுதியில் வந்து நிற்பது அப்பணியாளரின் பெயர் முன்னர்தான். அவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

வர்ஜீனியாவில் 1618-இல் ஒரு முறை ஏற்பட்டது. ஓர் ஆளைக் கடல்கடந்து கொண்டுவரச் செலவிட்டவர்க்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். பட்டயத்தில் பெயர் பணியாளருடையது; நிலம் எஜமானருடையது. 1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் கோரிய நிலத்துக்குச் சான்றான பெயர்களுள் 'கிழக்கிந்தியன் டோனி' என்பதும் ஒன்று. அவன் ஊரோ, தாய்மொழியோ, பெற்றோர் இட்ட பெயரோ அதில் இல்லை. 50 ஏக்கர் பெற அவை தேவைப்படவில்லை. பட்டயத்தின் ஆண்டை வந்திறங்கிய ஆண்டாகக் கொள்வதும் பிழையாகலாம். ஆள் வந்து பல ஆண்டுகள் கழித்தும் நிலம் கோரினர். அவ்வுரிமையை விற்கவும் செய்தனர்.

இன்னொரு பிழை இதனினும் பெரிது. 'எம் முன்னோரும் அடிமைகளாகவே வந்தனர்' என்று வெள்ளையர் வழித்தோன்றல்கள் சிலர் கூறுவதுண்டு. துயரம் மெய்தான், ஒப்பந்தம் முடியுமுன் மாண்டவர் பலர். ஆனால் 1640-இல் வர்ஜீனிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றைப் பாருங்கள். பணியாளர் மூவர் சேர்ந்து ஓடினர், மேரிலாந்தில் பிடிபட்டனர், மூவர்க்கும் கசையடி விழுந்தது. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் மேலும் நான்காண்டு உழைப்பு. கறுப்பினத்தவரான ஜான் பஞ்சுக்கோ ஆயுள் முழுதும். குற்றம் ஒன்று, ஓடிய வழி ஒன்று. தோலின் நிறம் மட்டுமே வேறு.

அந்த ஜான் பஞ்ச், பராக் ஒபாமாவின் வெள்ளையினத் தாய்வழி முன்னோராக இருக்கக்கூடும் என்று 2012-இல் மரபாய்வாளர்கள் அறிவித்தனர். பழைய ஆவணங்களும் மரபணுச் சோதனையும் அவர்களுக்குத் துணைநின்றன. வரலாறு இப்படியும் திரும்பி வருகிறது.

முன்னோரைக் கண்டடைந்த மகிழ்ச்சியில் தேடலை நிறுத்திவிடலாகாது. அவருக்கென்று விதித்த விடுதலை நாள் அவர் அருகில் நின்று உழைத்தவருக்கும் விதிக்கப்பட்டதா? இக்கேள்வியைக் கேளாத குலமுறை வெறும் பெயர்ப்பட்டியலே. அந்த நிலப் பட்டயத்தைப் போல.